வயர் ஹெட்போனா, பட்ஜெட் இயர்பட்ஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐயாயிரம் ரூபாய்க்குள் பாட்டு கேட்கவும் பேசவும் ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன்களையும், ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை விற்கும் வயர் இல்லாத இயர்பட்ஸையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். தள்ளுபடி நாட்களில் விலை ஏறி இறங்கும் என்பதால் சுற்று எண்களையே கொடுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

நீங்கள் கேட்கும் நேரத்தில் உட்கார்ந்திருப்பது அதிகமா, நடமாடுவது அதிகமா என்று சில நாள் கவனியுங்கள். படிப்பு, அலுவலக வேலை, வீடியோ எடிட்டிங், இரவில் நிதானமாகப் பாட்டு என்று ஒரே இடத்தில் கழியும் நேரம் அதிகம் என்றால் வயர் ஹெட்போன். பேருந்து, மின்சார ரயில், நடைப்பயிற்சி, சமையல் என்று கைகால் ஓடிக்கொண்டே இருந்தால் இயர்பட்ஸ்.

கல்லூரி மாணவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது வயர்தான். கடையில் நிற்கும்போது ஜிம்மும் பயணமும் கண்முன் வருகின்றன. வாங்கிய பிறகோ மேசை முன்தான் பெரும்பொழுது போகிறது.

அதே இரண்டாயிரம் ரூபாய்க்கு வயர் ஹெட்போனின் ஒலி மட்டும் ஏன் மேலாக இருக்கிறது?

கொடுத்த காசு எங்கே போகிறது என்று பாருங்கள். வயர் ஹெட்போனில் இருப்பவை இரண்டு டிரைவர் (ஒலியை உண்டாக்கும் சின்ன ஸ்பீக்கர்), இரண்டு கூடு, காதுப் பஞ்சு, தலைப்பட்டை, ஒரு வயர். பணத்தில் பெரும்பங்கு ஒலியை உண்டாக்கும் பாகத்துக்கும் அது காதில் பொருந்தும் விதத்துக்கும் போய்ச் சேரும். இயர்பட்ஸிலோ இரண்டு காதுக்கும் தனித்தனியாக ப்ளூடூத் சிப், பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், மைக், தொட்டால் வேலை செய்யும் சென்சார் வேண்டும். இன்னொரு பேட்டரியோடு சார்ஜ் கேஸும் வேண்டும். இத்தனைக்கும் பங்கு பிரித்த பிறகு டிரைவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அமைப்பும் ஒரு காரணம். காதைச் சுற்றி உட்காரும் ஹெட்போனில் ஒலி முதலில் காது மடலில் பட்டுப் பிறகு உள்ளே போகிறது. நேரில் ஒருவர் பாடும்போதும் அப்படித்தான் கேட்கிறோம். அதனால்தான் அதில் வாத்தியங்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் தள்ளித் தள்ளி நிற்பதுபோலத் தோன்றுகிறது. துவாரத்துக்குள் செருகும் இயர்பட்ஸில் பாட்டு தலைக்குள்ளேயே நடக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ட்யூனிங், அதாவது எந்த ஒலியைத் தூக்கி எதை அடக்கித் தருவது என்ற அமைப்பு. பட்ஜெட் இயர்பட்ஸ் பெரும்பாலும் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, தூக்கிவைத்தே வருகின்றன. குத்துப் பாட்டுக்கு அது பிடிக்கும். கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி வீங்கி நிற்கும், வலந்தலையின் சாப்பு மழுங்கும், தம்புரா இருக்கும் இடமே தெரியாது. செயலியில் இதையெல்லாம் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் பாஸை மூன்று நான்கு டெசிபெல் இறக்கிப் பாருங்கள். பாதி குறை அங்கேயே தீரும்.

பெட்டியில் 13 மி.மீ. டிரைவர் என்று பெரிதாகப் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 10 மி.மீ. டிரைவர் உள்ள ஒன்று அதைவிடத் தெளிவாக ஒலிப்பது சாதாரணமாக நடக்கிறது.

ப்ளூடூத்தில் போனால் பாட்டின் தரம் குறையும் என்கிறார்களே?

குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ப்ளூடூத்தில் பாட்டு சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அப்படிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கும் கோடெக் எஸ்பிசி. அது வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும். ஏஏசி 256 கிலோபிட்டை ஒட்டி அனுப்பும். சோனியின் எல்டிஏசி 990 வரை போகும். சிடியில் இருப்பது 1,411. ஐபோனில் எல்டிஏசி கிடையாது, ஏஏசிதான். ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பிலிருந்து எல்டிஏசி இருக்கிறது. ஆனாலும் இயர்பட்ஸிலும் அது இருந்தால்தான் பலன்.

இரண்டாயிரம் ரூபாய் இயர்பட்ஸில் எல்டிஏசி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த விலையில் ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் டிரைவரும் ட்யூனிங்கும்தான். கோடெக் அதற்குப் பிறகுதான் வரும். நெரிசலான ரயில் நிலையத்தில் 990-இல் வைத்தால் விட்டு விட்டுக் கேட்கும் தொல்லையும் சேரும்.

லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் இயர்பட்ஸில் எல்லாம் பழைய டெலிபோன் மாதிரி கேட்கிறதே, பழுதா?

பழுது இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் ஆன்லைன் வகுப்பு மாணவர்களும் அதிகம் கேட்கும் கேள்வி இது. வாங்கும் முன் ஒருவரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறொரு வழி. பாட்டு வழியில் நல்ல ஸ்டீரியோ வரும், ஆனால் மைக் வேலை செய்யாது. மைக்கைத் திறந்த கணமே கருவி பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோ. பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸ், புதிய முறையில் 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்தான் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எடுக்கிறது என்ற எண்) கிடைக்கும். உயர் ஸ்வரங்கள் அறுபட்டுப் போவதால் டெலிபோன் போலத் தோன்றுகிறது.

இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. கூகுள் மீட், ஜூம் போன்றவற்றின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கருக்கு இயர்பட்ஸையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். இயர்பட்ஸ் பாட்டு வழியிலேயே இருந்துவிடும், குரல் தெளிவாகக் கேட்கும். மீட்டிங்குக்குள் வீடியோ போட்டுக் காட்டுபவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

எல்ஈ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை இந்தக் குறையைச் சரிசெய்கிறது. அதற்கு லேப்டாப், இயங்குதளம், இயர்பட்ஸ் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். பட்ஜெட் விலையில் அதை நம்பி வாங்கும் நிலை இன்னும் வரவில்லை. நாளெல்லாம் மீட்டிங் உள்ளவர் வயர் ஹெட்போன் வாங்கினால் இந்தச் சிக்கலே கிடையாது.

வயர் ஹெட்போனில் மைக் இல்லையே?

பாட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் செய்த மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. லேப்டாப்பின் மைக்கே வீட்டு மீட்டிங்குக்குப் போதும். தெளிவு வேண்டுமானால் சட்டைக் காலரில் மாட்டும் சின்ன வயர் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபேன் காற்று நேராக அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம் விளையாடும்போது சத்தம் பின்தங்கி வருகிறது. கேம் மோடு போட்டால் சரியாகுமா?

ஓரளவு சரியாகும். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வருவது வழக்கம். வீடியோ செயலிகள் படத்தையும் அதற்கேற்பத் தள்ளிவைத்துச் சமாளித்துவிடும். அதனால் படம் பார்க்கும்போது உதடும் குரலும் பொருந்தும். கேமில் அப்படித் தள்ளிவைக்க முடியாது. கேம் மோடு தாமதத்தைக் குறைக்கும், ஒழிக்காது. காலடிச் சத்தம் கேட்டுச் சுட வேண்டிய விளையாட்டு என்றால் வயர்தான். கீபோர்டோ வேறு வாத்தியமோ வாசித்துப் பழகுபவர்களுக்கும் வயர் கட்டாயம். கட்டையை அழுத்தி, ஒலி பிந்தி வந்தால் தாளம் நிற்காது.

என் போனில் ஜாக்கே இல்லை. வயர் ஹெட்போன் வாங்கி என்ன பயன்?

2016-இல் ஐபோன் 7-இல் ஆப்பிள் அந்தத் துளையை எடுத்துவிட்டது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. வழி என்னவோ இன்னும் அடைபடவில்லை. யூஎஸ்பி-சி முனையில் செருகும் சின்னக் கன்வர்ட்டர் போதும். டாங்கிள் என்றும் கடையில் கேட்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டாங்கிளில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே டேக் சிப் இருக்கும், போனிலிருந்து வரும் டிஜிட்டல் சிக்னலை அதுவே ஒலி சிக்னலாக மாற்றும். இன்னொன்று வெறும் கம்பி இணைப்பு. போனே ஒலியை அந்த முனையில் அனுப்பினால் மட்டும் அது பாடும். பல போன்கள் அப்படி அனுப்புவதில்லை. நூறு ரூபாய் டாங்கிளை வாங்கிச் செருகிவிட்டு ஹெட்போனில் சத்தமே வரவில்லை என்று தவிப்பவர்களின் கதை இதுதான். கடைக்காரரிடம் "டேக் உள்ளதா?" என்று கேட்டு, உங்கள் போனிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளின் ஒலித் தரத்தை ஹெட்போன் பிரியர்கள் வெகுவாகப் பாராட்டுகிறார்கள். ஐபோன் 15-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும், லேப்டாப்புக்கும் தாராளமாக வாங்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் அதில் வால்யூம் மிகக் குறைவாக வரும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேறு டேக் டாங்கிள் பார்ப்பது நல்லது.

டாங்கிளில் வயர் மாட்டியிருக்கும்போது போனை சார்ஜ் செய்ய முடியாது என்ற அசௌகரியம் உண்மை. இரண்டு முனை உள்ள டாங்கிள் அதற்கென்றே விற்கிறது.

ஓம் என்று போட்டிருக்கிறதே, அது எவ்வளவு இருக்க வேண்டும்?

ஓம் என்பது ஹெட்போனின் மின்தடையைக் காட்டும் அளவு. போனிலும் லேப்டாப்பிலும் நேராகச் செருகிக் கேட்க 16 முதல் 64 ஓம் வரை உள்ளதை வாங்குங்கள். பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று வெவ்வேறு வகையில் வருகிறது. சென்ஹைசரின் எச்டி 600 என்பது 300 ஓம். 250, 300 ஓம் உள்ளவற்றைப் போனில் மாட்டினால் ஒலி மெலிந்து கிடக்கும், தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று 250 ஓம் மாடலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

ஏஎன்சி, ஈஎன்சி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பெட்டியைப் பார்த்து மிக அதிகம் பேர் குழம்பும் இடம் இது.

ஏஎன்சி உங்கள் காதுக்கானது. வெளியிலிருந்து வரும் இரைச்சலை மைக் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அடக்கும். ஈஎன்சி எதிர்முனையில் இருப்பவருக்கானது. நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தைக் குறைத்துக் குரலை மட்டும் அனுப்ப முயலும். ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸின் பெட்டியில் ஈஎன்சி என்று பெரிய எழுத்தில் இருக்கும். பஸ் சத்தம் கேட்காது என்று நினைத்து வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

ஏஎன்சி எல்லாச் சத்தத்தையும் அடக்கிவிடாது. பஸ் எஞ்சினின் உறுமல், ஏசியின் ரீங்காரம், விமானத்தின் இரைச்சல் போன்று தாழ்ந்த ஸ்தாயியில் தொடர்ந்து வருபவற்றில்தான் அதன் திறமை. பக்கத்து இருக்கைக்காரர் பேச்சு, ஹாரன், குக்கர் விசில் எல்லாம் தாண்டி வரும். இந்த நுட்பத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ். அவருடைய தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் அமர் போஸுக்கு இந்த எண்ணம் உதித்தது. அவர் நிறுவனத்தின் விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது. இன்று இரண்டாயிரம் ரூபாய் இயர்பட்ஸில்கூட ஏஎன்சி கிடைக்கிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்கு அது உண்மையிலேயே பெரிய நிம்மதி. இந்த ஓர் இடத்தில் பட்ஜெட் இயர்பட்ஸுக்கே என் ஓட்டு.

நம் ஊர் வெயிலில் காதை மூடும் ஹெட்போன் தாங்குமா?

ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடிய வகையை மாட்டியிருப்பது கடினம். காது வியர்த்து, பஞ்சு ஈரமாகிவிடும். செயற்கைத் தோல் மூடிய பஞ்சுகள் கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் சீக்கிரம் பொரிந்து, கருப்புச் செதில்களாகக் கழுத்தில் ஒட்டும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் ஆயுள் கூடும். மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது அதைவிட நல்லது.

தனி அறை உள்ளவர்கள் பின்பக்கம் திறந்த வகையை யோசிக்கலாம். காற்று புகும், வெக்கை குறையும், ஒலியும் விரிந்து கேட்கும். ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் அது சரிவராது.

கண்ணாடி அணிபவருக்கு?

கண்ணாடிக் காம்பு காதுப் பஞ்சைத் தூக்குவதால் மூடிய ஹெட்போனில் பாஸ் கசியும், நேரமானால் காம்பு அழுத்தி வலிக்கும். துணிப் பஞ்சும் மெல்லிய காம்பும் இருந்தால் சமாளிக்கலாம்.

இயர்பட்ஸ் எத்தனை ஆண்டு உழைக்கும்?

ஒவ்வொரு பட்ஸிலும் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 30 முதல் 60 மில்லி ஆம்பியர் அவர். உங்கள் போன் பேட்டரியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுழற்சிக்குப் பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது பொதுவான அளவு. சின்ன பேட்டரியில் அந்த இழப்பு உடனே தெரியும். ஐந்து மணி நேரம் பாடியது நான்காகும், ஒரு பக்கம் முன்னதாக அணையும். பட்ஸ் ஒட்டி மூடப்பட்டிருப்பதால் பேட்டரி மாற்றுவது அநேகமாக நடக்காது. இரண்டு மூன்று ஆண்டு ஓடினால் திருப்தி அடையுங்கள்.

கேஸைக் காரின் டாஷ்போர்டில் வெயிலில் வைக்காதீர்கள். சூடுதான் இந்த பேட்டரிகளை வேகமாகத் தின்கிறது. ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்5 என்று போட்டிருக்கும் நீர் தாங்கும் தரம் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும். கேஸ் நனையக் கூடாது. வியர்த்த பட்ஸைத் துடைத்துவிட்டுக் கேஸில் வையுங்கள்.

காதுக்கு எது நல்லது?

கெடுதல் செய்வது சத்தத்தின் அளவும் நேரமும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபெல்லுக்குப் போனால் வாரம் நான்கே மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபெல், 40 மணி.

வகையைவிட அடைப்பு முக்கியம். வெளிச்சத்தம் புகுந்தால் கை தானாக வால்யூமை ஏற்றும். பேருந்தில் சரியாகப் பொருந்தாத பட்ஸோடு பாட்டு கேட்பவர் தம்மை அறியாமலே காதைப் புண்படுத்திக்கொள்கிறார். பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாட்டிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது இயல்புதான். காதில் சீழ், அரிப்பு உள்ளவர்கள் துவாரத்துக்குள் எதையும் செருக வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

வண்டி ஓட்டும்போது இரண்டுமே வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹாரன் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும்.

எந்த மாடல் என்று சொல்லுங்களேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஆயிரத்தை ஒட்டி விற்கும் பல ஹெட்போன்கள், பெயர்பெற்ற சோனி இசட்எக்ஸ்110 உட்பட, காதின் மேல் உட்காரும் வகை. காதைச் சுற்றி மூடுவதில்லை. பயணத்துக்கு எளிது, ஆனால் நேரமானால் காது மடல் வலிக்கும். படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் வித்தியாசம் தெரியாது. விவரத்தில் காதுப் பஞ்சின் உள்வட்டம் உங்கள் காதைவிடப் பெரிதா என்று பாருங்கள்.

ஐயாயிரத்தை ஒட்டி என் முதல் தேர்வு ஆடியோ டெக்னிகாவின் ஏடிஎச்-எம்20எக்ஸ். 40 மி.மீ. டிரைவர், 47 ஓம், போனிலேயே பாடும். வயர் மூன்று மீட்டர் நீளம், கழற்ற முடியாது என்பது குறை. திறந்த வகையில் பிலிப்ஸ் எஸ்எச்பி9500 கிடைத்தால் விடாதீர்கள். 32 ஓம், வயரும் கழற்றி மாட்டக்கூடியது. நல்ல வயர் ஹெட்போன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு சோனியின் எம்டிஆர்-7506 சாட்சி. 1991-இல் வந்த மாடல் ஸ்டுடியோக்களில் இன்றும் புழங்குகிறது. ஆனால் அது இந்த விலைக்குள் வராது.

இயர்பட்ஸில் மாடல் பெயர் சொல்லி வைப்பதில் பயனில்லை. சில மாதத்தில் மாடலே மாறிவிடும். நிறுவனத்தின் சர்வீஸ் மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா, ஈக்வலைசர் உள்ள செயலி உண்டா, ஒரே நேரத்தில் போனோடும் லேப்டாப்போடும் இணையுமா என்ற மூன்றையும் பாருங்கள்.

இரண்டும் வேண்டாம், மலிவாக நல்ல ஒலி மட்டும் போதும் என்றால்?

காதுத் துவாரத்துக்குள் செருகும் வயர் இயர்போன், அதாவது இன்-இயர். மூன்டிராப் சூ, கேஇசட் நிறுவனத்தின் மாடல்கள் போன்றவை இரண்டாயிரத்துக்குள்ளேயே அதே விலை இயர்பட்ஸை எளிதில் மிஞ்சும். வெக்கையும் இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாமா, ஆன்லைனிலா?

வயர் ஹெட்போனை முடிந்தால் கடையில் தலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இறுக்கமும் எடையும் படத்தில் தெரியாது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் அதற்கு வசதி. பில் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது. பெரிய நிறுவனப் பெயரோடு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இயர்பட்ஸ் பெரும்பாலும் போலியே. வயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். பெட்டியில் ஐஎஸ் எண்ணும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அதை அந்த அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஒரு பக்க பட்ஸ் தொலைந்துவிட்டது. தனியாகக் கிடைக்குமா?

சில நிறுவனங்கள் மட்டுமே விற்கின்றன. பட்ஜெட் மாடலில் அந்த விலைக்குப் புதிய ஜோடியே வந்துவிடும். வேறொருவரின் பழைய பட்ஸை வாங்கிச் சேர்க்க நினைத்தால், இரண்டும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒன்றோடொன்று இணைய மறுக்கலாம். இரண்டையும் கேஸில் வைத்து, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்துபாருங்கள்.

வயர் ஹெட்போனில் பழுது வருவது பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில். ஒரு பக்கம் கேட்காமல், வயரை வளைத்தால் கேட்கிறது என்றால் அங்கேதான் கம்பி அறுந்திருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் வெட்டிப் புது ஜாக் சால்டர் செய்து தருவார். உழைத்து ஓய்ந்த இயர்பட்ஸையும் கேஸையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், உடைத்தும் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. மின்கழிவு வாங்கும் இடத்திலோ, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலோ கொடுத்துவிடுங்கள்.